விதைக்கயிறு

தொட்டிக் கொட்டகையில் ஏதோ கொறிக்கும் சத்தம் கேட்டது. எலி இல்லை, எலியென்றால் ஒரு மூலையில் கேட்கும். இது தொட்டி முழுக்க, பொடிப்பொடியாக, ஊறின அரிசியை யாரோ மெல்லுகிற மாதிரி, உப்பும் அழுகலும் கலந்த வாடையோடு எழும்பி, அந்திநேரத் தகரக்கூரைவரை போய்க்கொண்டிருந்தது.

தொட்டியருகே நின்ற அவளுக்குப் புரிந்துவிட்டது. தப்பு அவளுடையதுதான். கடல்பாசி கட்டி வளர்க்கிற கயிற்றைக் கரைக்குக் கொண்டுவந்ததும் முதலில் நல்ல தண்ணீரில் முக்கி, அதில் ஒட்டியிருக்கிற பொடிக் கடற்பூச்சியை உதிர்க்கணும். அப்புறம்தான் பச்சை நூலாய்ச் சுற்றியிருக்கிற களைப்பாசியைப் பிடுங்கணும். பீப்பாய் காலி, தண்ணீர் லாரி நாளைக்குத்தான் வரும், அதுவரை சும்மா இருப்பானேன் என்று களையை முதலில் பிடுங்கி, கயிற்றைத் தொட்டியில் போட்டுத் தொலைத்தாள். களை இருக்கிறவரை பூச்சி அதைத்தான் தின்னும். இல்லையென்றால் பயிரில் வாய் வைக்கும்.

புயலுக்குத் தப்பி, அடுத்த நடவுக்கு மிஞ்சிய விதைக்கயிறு இது ஒன்றுதான். இதுவும் போனால் தொழில் போச்சு, அண்ணன் வீட்டு மூலையில் உட்கார்ந்து காலந்தள்ள வேண்டியதுதான்.

வாசலில் அண்ணி நின்றாள். "வாடி, வீட்டுக்குப் போகலாம். அது போனா போகட்டும்."

"நீங்க போங்க அண்ணி. நான் நட்ட பயிர். இத்துனூண்டு பூச்சிக்குப் பயந்து விட்டுட்டு வர்றதா?"

"உன் பிடிவாதம் யாருக்கு வரும்" என்று முணுமுணுத்துக்கொண்டே அண்ணி போனாள்.

சத்தம் நின்றது.

தொட்டி விளிம்பில் ஈரமாய் ஏதோ மினுங்கியது. மணல் சொரிகிற மாதிரி பூச்சிகள் தரையில் இறங்கின. கதவுப் பக்கம் போகவில்லை. அவள் பக்கம் வந்தன.

கையைப் பார்த்தாள். நகக்கண்ணில், ரேகையில், முழங்கைவரை அவள் பிடுங்கிய களையின் பச்சை நூல். துடைத்தாள். போகவில்லை. இழுத்தாள். தோலும் கூட வந்தது.

கதவு திறந்துதான் இருந்தது. ஓடலாம். ஓடினால் இதுகள் தொட்டிக்குத் திரும்பிவிடும்.

"அடச் சீ, இவ்வளவுதானா" என்றாள். குரல் நடுங்கியது. தொட்டிக்கு எதிர்மூலையில் போய் உட்கார்ந்து கையைத் தரையில் நீட்டினாள். "வாங்க. என் பயிரை மட்டும் தொடக்கூடாது."

வந்தன. விரல்களை மூடின. வலி இல்லை. அதுதான் பயமாக இருந்தது. பச்சை போனது. பிறகு சிவப்பும்.

ஒரு கும்பல் தொட்டிப் பக்கம் திரும்பியது. தரையில் தட்டிக் கூப்பிட்டாள்.

டக். டக்.

சதை படுகிற சத்தம் இல்லை. ஐந்து விரலும் வெள்ளை வெளேரென்று, துளி அழுக்கில்லாமல். சட்டைக் கையைத் தோள்வரை ஏற்றிவிட்டாள். அங்கேயும் பச்சை துளிர்த்திருந்தது. மறுபடி தட்டினாள்.