சலைனை நிறுத்திய கை

“அய்யய்யோ... கொலகாரி!”

வேண்டாவின் அலறலில் அந்தச் செங்கல்பட்டு தனியார் மருத்துவமனையின் கேன்சர் வார்டே எழுந்து உட்கார்ந்தது!

கட்டிலில் அவள் தம்பி தனகோடி. கருங்குழி லாரி ஓனர். போன வாரம் கீமோ ஏற்றிக்கொண்டு போனவர், இன்று வாந்தியும் வறண்ட நாக்குமாகத் திரும்பி வந்திருந்தார்.

சிறுநீரகம் மக்கர்!

“கீமோ அன்னிக்கு கூட இருந்தது இவ ஒருத்திதான் மேடம். சலைன மூடிட்டா. மூடிக் கெடந்தத நர்ஸே ரெண்டு தபா பாத்துகீது!”

வேண்டாவின் புகாருக்கு வந்திருந்த இன்ஸ்பெக்டர் ஸ்ரீதேவி திரும்பினாள்.

தனகோடியின் மருமகள் கீர்த்தனா சுவரோடு ஒட்டி நின்றாள். புருஷன் லாரியோடு நாக்பூரில். பாவம், தனியாக மாட்டிக்கொண்டாள்.

“சலைன் நின்னா கிட்னி போயிடுமா டாக்டர்?” ஸ்ரீதேவி கேட்டாள்.

டாக்டர் ஜெபகுமார் கண்ணாடியைக் கழற்றினார்... மாட்டினார்... மறுபடி கழற்றினார்.

“இந்த மருந்துல பிளாட்டினம் இருக்கு. கேன்சர் செல்லோட டி.என்.ஏ.வைப் பூட்டிக் கொல்லும். ஆனா கிட்னிக் குழாய் செல்லும் அதை உள்ள இழுத்துக்கும். அங்கயும் அதே வேலை! செல்லுக்கு சக்தி தர்ற மைட்டோகாண்ட்ரியா படுத்துடும். செல் செத்து உதிரும். அதுக்குத்தான் முன்னாலயும் பின்னாலயும் சலைன் விட்டு அலசறோம்.”

“அலசலைன்னா?”

“இதோ... கிட்னி வெளியேத்த வேண்டிய கிரியாட்டினின், ரத்தத்துல மூணு மடங்கு!”

“நான் தொடவே இல்ல மேடம்...” கீர்த்தனா கை கூப்பினாள்.

ஸ்ரீதேவி விலங்கைத் திறந்தாள்.

க்ளிக்!

“அந்தப் பொண்ண உடுங்க மேடம்!” கட்டிலில் இருந்து கத்தல். “மூடுனது நான்தான்!”



“இன்னாடா சொல்ற?” வேண்டா வாயைப் பிளந்தாள்.

“பின்ன இன்னாக்கா? சலைன் ஏற ஏற மூத்திரம் முட்டுது. எழுந்திரிக்க முடில. ஒவ்வொரு தபாவும் மருமவப் பொண்ணு பெட்பேன் எடுத்துகினு வந்து நிக்குது... எம்மூஞ்சிய எங்க வெச்சிக்கிறது? அது அந்தாண்ட போனதும் ட்யூபுல கீற சக்கரத்த உருட்டிட்டேன்!”

கீர்த்தனா உடைந்து அழுதாள்.

“எங்கப்பாவுக்கும் நான்தானே எடுத்தேன் மாமா... ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

தனகோடி முகத்தைத் திருப்பிக்கொண்டார். கண்ணில் நீர்.

“தேறிடுவாரா டாக்டர்?” ஸ்ரீதேவி கேட்டாள்.

“சான்ஸ் இருக்கு. இந்த சலைன் பாட்டில் முழுசா ஏறணும்.”

க்ளிக்!

தனகோடியின் கை கட்டில் கம்பியோடு பூட்டிக்கொண்டது.

“பாட்டில் காலியானதும் ஜாமீன்!” ஸ்ரீதேவி சாவியை டாக்டரிடம் வீசினாள். “அதுவரைக்கும் பெட்பேன் தூக்கறது... கம்ப்ளெயின்ட் குடுத்த அக்கா!”