செவிமுனி

கஜீவன் கதை சொல்லிக்கொண்டு போய் மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில், யாரோ "ம்" என்றார்கள்.

தனோஜன் பதிவைப் பத்து விநாடி பின்னுக்கு இழுத்து மறுபடி கேட்டான். "அந்தப் புளியடியிலை ஒருத்தரும் இல்லை" என்றது கஜீவனின் குரல். சின்ன இடைவெளி. "ம்." கதை கேட்கிறவர் தூங்கவில்லை என்று காட்டக் கொட்டுவாரே, அதே ம். நேற்று இதைப் பதிந்தபோது கஜீவன் இந்த வீட்டில் தனியாகத்தான் இருந்தான்.

பண்டத்தரிப்பில் அந்த வீடு கஜீவனின் பெரியம்மாவுடையது. அவர் கனடா போய்ப் பதினைந்து வருடம். தங்கள் பேய்க்கதைச் சானலுக்காக நண்பர்கள் இருவரும் நடு அறையின் சுவர்களில் பழைய மெத்தைகளைச் சாய்த்து, யன்னல்களில் சேலைகளை மடித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். எழுதுவது தனோஜன், சொல்வது கஜீவன். இரவில் கோயில் ஒலிபெருக்கியும் நாய்களும் விடாது என்பதால் பதிவெல்லாம் மத்தியானத்தில்தான். வெயில் உச்சிக்கு ஏறினால் காகம்கூட வேம்புக்குள் ஒதுங்கிவிடும். ஓடு சூடேறிக் கைமரம் நெரிகிற சத்தமும், வௌவால் எச்சமும் பழைய பஞ்சும் புழுங்கிய மணமும், காதுக்குள் தன் இரத்தம் ஓடுகிற இரைச்சலும் மட்டும் மிஞ்சும்.

மின்விசிறியாக இருக்கலாம் என்று நினைத்தான். ஆளில்லாத அறையின் சத்தத்தைத் தனியாகப் பதிந்து, அதைக் கதையிலிருந்து நீக்குவது அவன் வழக்கம். மைக்கைப் போட்டுவிட்டு மூச்சை அடக்கி இருந்தான். கணினித் திரையில் கோடு நேராக ஓடியது. ஒன்றும் இல்லை. மைக்கை நிறுத்தாமலே ஹெட்போனை மாட்டிக்கொண்டு கதைக்குத் திரும்பினான்.

கதை செவிமுனியைப் பற்றியது. யாழ்ப்பாணத்துப் பழைய பேப்பர்க் கடையில், எந்த மந்திரவாதியோ எழுதிய கொப்பி ஒன்று கஜீவன் கையில் கிடைத்தது. மூன்று மாதமாக வாரம் ஒரு பகுதி. இது கடைசி. செவிமுனி அடிக்காது, கடிக்காது. தன் கதையைச் சொல்கிறவனுக்குப் பக்கத்தில் வந்து இருந்து கேட்கும். அதன் பிறகு அவன் வாய் ஓயக்கூடாது. ஓய்ந்தால் அது எழும்பும். தப்ப ஒரே வழி, உச்சி வேளையில் இன்னொருவனின் பெயரையும் நட்சத்திரத்தையும் தாயின் பெயரையும் சொல்லி அவனிடம் அனுப்பிவிடுவது. மூன்றில் ஒன்று பிழையானாலும் அது சொன்னவனை விட்டுப் போகாது. எழும்பினால் என்ன செய்யும் என்று கொப்பிக்காரன் எழுதவில்லை. தனோஜனும் அதைத் தொடவில்லை. தெரியாததை எழுதி ஏன் கெடுப்பான்.

பழைய பதிவுகளைத் திறந்து, முன்பு இரைச்சல் என்று நீக்கிவிட்ட இடங்களைக் கேட்டான். முதல் பகுதியில் அந்த ம் கிணற்றடியிலிருந்து வருவதுபோல் இருந்தது. ஐந்தாவதில் கதவடியில். ஒன்பதாவதில், மெத்தைக்குப் பக்கத்தில். நேற்றையதில் உதடு பிரிகிற ஈரச் சத்தம்கூடக் கேட்டது.

மூன்று மாதமாகக் கஜீவனுக்கு வாய் ஓயவில்லை. மோட்டார்சைக்கிளில் கதை, சோற்றோடு கதை, கக்கூசுக்குள் கதை.

"அண்ணை, நீங்களாவது சொல்லுங்கோ, நித்திரையிலையும் ரேடியோ மாதிரி" என்று அவன் மனைவி சாருஜா ஒருநாள் தனோஜனிடம் அலுத்துக்கொண்டாள்.

"உன்ரை வாய்க்கு ஒருநாள் லீவு குடன் மச்சான்" என்றான் தனோஜன்.

கஜீவன் சிரிக்கவில்லை. அதே மூச்சில், "உன்ரை குறிப்பைத் தா. சாருஜாவின்ரை தங்கச்சிக்குப் பொருத்தம் பாப்பம்" என்றான்.

முப்பத்தாறு வயதில் ஒருவனுக்குப் பெண் தருகிறோம் என்றால் சாதகத்தை ஒளித்து வைப்பானா? தனோஜன் மறுநாளே குறிப்பைக் கொண்டுபோய்க் கொடுத்தான். பெண் பார்க்கப் போட்டுக்கொண்டு போகப் புதுச் சேட் ஒன்றும் வாங்கினான்.

கதை முடிவுக்கு வந்திருந்தது. தப்பும் வழி வருகிற இடம். அங்கே தனோஜன் எழுதியிருந்தது ஒரு கற்பனைப் பெயர்.

"தனோஜன்" என்றது கஜீவனின் குரல். "அவிட்ட நட்சத்திரம். கேதீஸ்வரி வயித்துப் பிள்ளை. நாளைக்கு மத்தியானம் இந்தக் கதிரையிலை வந்து இருப்பான்."

"ம்ம்ம்."

பிறகு கஜீவன் பேசவில்லை. மூன்று மாதத்தில் முதல்முறையாக. நீளமாக ஒரு கொட்டாவி விட்டான். கதிரை நகர்ந்தது. வெளிக்கதவுப் பூட்டில் திறப்புத் திரும்பியது.

தனோஜன் ஹெட்போனைக் கழற்றி மேசையில் போட்டான். "என்னடா இது?" என்றான் வாய்விட்டு.

"ம்" என்றது அறை.

மூன்றாவது தடவைதான் கஜீவன் போனை எடுத்தான்.

"கேட்டிட்டியா?"

"என்ரை பேரை ஏன்டா..."

"எனக்குப் பிள்ளை இருக்கு மச்சான்."

"அப்ப பொருத்தம்? குறிப்பு வாங்கினாய்?"

"அவளுக்கு ஆவணியிலேயே கலியாண எழுத்து முடிஞ்சுது." கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. தனோஜனுக்குப் பின்னால் மெத்தைப் பஞ்சு நெரிந்தது. "டேய், சும்மா இராதை! கதை. எதையாவது கதைச்சுக்கொண்டே இரு. தண்ணி குடிக்கேக்கையும் முனகு."

போன் வைக்கப்பட்டது.

தனோஜன் பேசினான். மேசை, போத்தல், பச்சைச் சேலை, கரை கிழிந்த சேலை, ஓட்டில் ஒரு ஓட்டை, ஓட்டையால் வெயில் என்று கண்ணில் பட்டதையெல்லாம் சொன்னான். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ம். கதவுக்குப் போக எழும்பினான். கதவுப் பக்கமிருந்து ம். மறுபடி கதிரையில் இருந்தான்.

மணி பன்னிரண்டு இருபது. இன்னும் உச்சி. யாரையாவது சொல்லலாம்.

கஜீவனின் நட்சத்திரம்? தெரியாது. அவன் குறிப்பைத் தனோஜன் ஒருநாளும் பார்த்ததில்லை. பாம்பாட்டி மாதிரி இருந்து பிடித்திருக்கிறான், நாய். பெயர், நட்சத்திரம், தாயின் பெயர் மூன்றும் தனோஜனுக்குப் பாடமாய் இருந்தது ஒரே ஒருவருடையதுதான். வெள்ளிக்கிழமை தோறும் அவன் கோயிலில் அர்ச்சனைக்குச் சொல்கிற பெயர்.

அம்மா.

"மேசை" என்றான். "போத்தல். சேலை."

போத்தலைச் சரித்தான். தண்ணீர் இல்லை.

"ஓடு. வெயில்."

"ம்."

பிடரியில் மூச்சு. சூடு.

"கே..." என்றது நாக்கு.

இரண்டு கையாலும் வாயைப் பொத்தினான். இறுக்கி. பல் உதட்டில் பதிய.

அமைதி.

திரையில் கோடு நேராக ஓடியது. நேராக. பின்னால் மெத்தை மெல்ல மூச்சு விட்டது, சாய்ந்து இருந்த ஆள் எழும்பியதுபோல.

கோடு எழுந்தது.

மேசையில் கிடந்த ஹெட்போனுக்குள்ளிருந்து ஒரு குரல் சொல்லத் தொடங்கியது. தனோஜனின் குரல். தெளிவாக, அவசரமில்லாமல்.

"கேதீஸ்வரி. ரோகிணி நட்சத்திரம். சின்னத்தங்கம் வயித்துப் பிள்ளை."

சின்ன இடைவெளி.

பொத்திய விரல்களுக்குள்ளே, அவன் வாய், "ம்" என்றது.