குதிரையில்லாத சிப்பாய்

பள்ளிக்கூடம் விட்டதும் குருவி வீட்டுக்குப் போகமாட்டாள். வீடு பூட்டிக்கிடக்கும். அம்மா ஆலையிலிருந்து வர இருட்டிவிடும். அதனால் அப்பா வேலை பார்க்கும் பழைய இரும்புக் கடைக்கு வந்து, ஒரு சாக்கு மூட்டைமேல் உட்கார்ந்துகொள்வாள்.

அப்பா தகரம் நசுக்கும் இயந்திரத்தில் நிற்பார். அது போடும் சத்தத்தில் பேசினால் தொண்டைதான் நோகும். "சாப்பிட்டியா?" என்று கையாலேயே கேட்பார். இவள் தலையை ஆட்டுவாள். அன்றைய பேச்சு அதோடு முடிந்தது.

அந்த வாரம் மட்டும் அவளுக்குப் பேச ஆள் கிடைத்திருந்தது. தகரக் குவியலில் அகப்பட்ட ஒரு பெட்டி. எந்தக் காலத்திலோ ஒரு ராஜாவுக்கு முடிசூட்டியபோது நினைவுக்காகச் செய்தது. மூடியில் ராஜா, ராணி. நான்கு பக்கமும் கட்டைவிரல் அகலத்தில் போர்க்களப் படங்கள். பீரங்கி, கப்பல், ஒரே புகை. ஒரு மூலை மட்டும் நசுங்கியிருந்தது.

ராஜா இந்தப் பக்கம் பார்த்தார். ராணி அந்தப் பக்கம் பார்த்தாள்.

"ஏன் ராஜா, வீட்லயும் சண்டையா?" என்பாள் குருவி. "வெளிய நடக்கிறது போதாதா?"

நசுங்கிய மூலையை ஒட்டி ஒரு சிப்பாய், கையில் கயிற்றுடன் தனியாக நின்றான். மற்ற எல்லோரிடமும் குதிரை இருந்தது.

"உனக்கும் யாரும் இல்லையா?" அவனிடம் மட்டும் மெதுவாகக் கேட்பாள்.

இயந்திரத்துக்கு இரையாகிவிடக் கூடாதென்று, பெட்டியை மூட்டைக்கு அடியில் ஒளித்துவைத்திருந்தாள்.

ஒருநாள் தையல்காரம்மா ஒருவர் தன் மகனை இழுத்துக்கொண்டு மூச்சிரைக்க வந்தார்.

"அண்ணே, ராஜா பெட்டி இங்க வந்துச்சா?"

கடை மேஸ்திரி காதைக் குடைந்தார். "ராஜாவா? அப்படி யாரும் இங்க வேலை செய்யலையேம்மா."

"ஆளு இல்லண்ணே, பெட்டி!"

"ஓகோ, பெட்டியத் தூக்கிட்டு ஓடிட்டானா? அப்ப போலீசுக்குப் போங்க."

"ஐயோ! படம் போட்ட தகரப் பெட்டிண்ணே. காலி டப்பாங்களோட சேர்த்துத் தெரியாம போட்டுட்டேன். நான் தையல் மெஷின்ல உக்காந்தா, இவனுக்கு அதுதான் பேச்சுத்துணை."

"தகரமா? வந்ததெல்லாம் நசுக்கியாச்சேம்மா."

பையன் அழவில்லை. உதட்டை மட்டும் கடித்துக்கொண்டான்.

குருவிக்கு மூட்டை முள்ளாகக் குத்தியது. வாயைத் திறக்காவிட்டால் பெட்டி அவளுக்குத்தான். யாருக்கும் தெரியப்போவதில்லை.

பேச்சுத்துணை! அந்த ஒரு வார்த்தைதான் அவளை எழுப்பியது.

"இந்தா," என்று பெட்டியை நீட்டினாள். "ராஜா நல்லாத்தான் இருக்காரு. சிப்பாய்தான் பாவம். அவனுக்கு மட்டும் குதிரையே இல்ல."

"யாரு சொன்னா? இருக்கு!" பையன் நசுங்கிய மூலையில் விரலை வைத்தான். "இங்கதான் மாட்டிக்கிட்டு இருக்கு."

அப்பா இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்தார். நாளெல்லாம் நசுக்குகிற கை அது. ஒரு கம்பியை உள்ளே கொடுத்து, நசுங்கிய இடத்தை மெல்ல மெல்ல வெளியே தள்ளியது. மடிப்பு விரிந்தது. கயிற்றின் மறுமுனையில் ஒரு பழுப்புக் குதிரை!

குருவி சிரித்தேவிட்டாள். பெட்டி போனதும் சிரிப்பும் போய்விட்டது. பழக்கத்தில் மூட்டைக்கு அடியில் கையை விட்டாள். வெறும் தரை சில்லென்றிருந்தது.

மறுநாள் மேஸ்திரியிடம் வழி கேட்டுக்கொண்டாள். 'போய்ட்டு வரேன்' என்று அப்பாவுக்குக் கையாலேயே சொன்னாள். தையல் மெஷின் சத்தம் கேட்ட வீட்டின் கதவைத் தட்டினாள்.

"யாரு?" உள்ளேயிருந்து பையனின் குரல்.

என்ன சொன்னால் அவனுக்குத் தெரியும்? கொஞ்சம் யோசித்தாள்.

"குதிரை வந்திருக்கு!"

கதவு படாரென்று திறந்தது.