குழலின் ஐந்தாம் மூடி

“செத்துப் பதினோரு மாசம் ஆச்சு அண்ணா. இப்பமும் வாசிக்காரு.”

பொழியூரிலிருந்து பஸ்ஸில் வந்த லூயிசா, குழல்பெட்டியை மடியைவிட்டு இறக்கவில்லை. உதியன்குளங்கரையில் ஆர்மோனியம் பழுதுபார்க்கும் சுந்தரதாஸிடம், போலீசில் சொல்ல முடியாத சங்கடங்களும் வந்துசேரும். 1994ஆம் வருடம் அப்படி வந்தது இது. அவருடைய தம்பி மகள் ஜெஸி, ஆவி என்றதும் கைவேலையைப் போட்டுவிட்டு எழுந்து வந்தாள்.

சாயங்கால மணி அடித்ததும் லூயிசா முற்றத்துக் குருசடியில் சிலுவை முன்னால் முட்டுக்குத்துவாள். பாதி ஜெபத்தில், ஆளில்லாத வீட்டுக்குள் கணவன் சிலுவைதாசனின் மாதா பாட்டு கேட்கும். ஜெபம் முடியாமல் எழும்பினால் பாவம் என்று வளர்ந்தவள் அவள். முடித்துவிட்டு ஓடினால் குழல் பெட்டியில் இருக்கும்.

“அவருக்க தம்பி எலியா, ‘அண்ணன் ஆத்துமா அடங்கேல்ல, வீட்ட எனக்கு எழுதிட்டு மகள்கிட்ட போங்க மைனி’ன்னு சொல்லுதான். நாளைக்கு எழுதணும். ஒரு சந்தோசமும் உண்டு. நங்கூரக் கயிறு அறுத்த வலது சுண்டுவிரல மேல மோட்சத்தில திருப்பிக் குடுத்திட்டாங்க. இருபது வருசமா விட்டுப்போன சுரத்த இப்பம் விடாம வாசிக்காரு.”

சுந்தரதாஸ் பெட்டியைத் திறந்தார். போன நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரன் கடைந்த கருமரக் குழல். பக்கத்துளைகளுக்கு ஐந்து வெள்ளி மூடிகள். கடைசி மூடியைத் திறப்பது வலது சுண்டுவிரல்.

“எது மினுங்குது, மக்கா?”

“அஞ்சும் மினுங்குதே பெரியப்பா.”

அவர் தலையை ஆட்டினார். விளக்குக்கரியை எண்ணெயில் குழைத்துக் கடைசி மூடியின் நுனியில் தடவினார்.

அன்று சாயங்காலம் பொழியூரில், குழல்பெட்டியை வீட்டுக்குள் பழைய இடத்தில் வைத்துவிட்டு, குருசடியில் அவர்களும் முட்டுக்குத்தினார்கள். பாதி ஜெபத்தில் குழல் எழுந்தது. ஜெஸிக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. தைரியமெல்லாம் போன இடம் தெரியவில்லை.

ஜெபம் முடிந்தபோது எலியா வந்தான். “கேட்டீங்களா மைனி?”

சுந்தரதாஸ் அவன் வலது கையைப் பிடித்து மெழுகுவத்திப் பக்கம் திருப்பினார். சுண்டுவிரல் கறுத்திருந்தது.

“இருபது வருசம் விரல் படாத வெள்ளி கறுத்துக் கெடக்கணும், எலே. அது மத்ததுகூடச் சேந்து மினுங்குச்சு. ஜெபம் முடியாம மைனி எழும்ப மாட்டாங்கன்னு தெரிஞ்சு பின்வாசல் வழியா வந்த. ஆனா அண்ணன் விட்ட சுரத்த விட்டு வாசிக்க உனக்குத் தெரியேல்ல.”

எலியா தலையைக் குனிந்துகொண்டு போனான். வீடு தப்பியது. ஜெஸி துள்ளாத குறைதான்.

லூயிசா மட்டும் கேட்டாள்: “அப்பம் அவருக்கு இன்னும் விரல் இல்லியா அண்ணா?”

 சுந்தரதாஸ் குழலை எடுத்துக் கடைசி மூடியின் கரியைத் துணியால் துடைத்தார்.

“அந்த மூடியத் தெறக்காமக் கட்டிப் போடுங்க,” என்றாள் லூயிசா. “அவரு வாசிச்ச மாதிரியே இருக்கட்டும்.”

அவர் நூல் எடுத்துக் கட்டினார்.