பாதை நடுவில் ஒரு மேடு

நான் ஒரு சந்தேகப் பிராணி. தோட்ட வீடுகளுக்கு ஜல்லிப் பாதை போட்டு, பள்ளம் மேடு பார்த்துக் கொடுப்பது என் தொழில். திருவெறும்பூர் தாண்டி லூர்துராணி டீச்சர் வீட்டில் நான் போட்ட பாதையில், மூன்றாம் நாளே மேடு எழுந்துவிட்டது என்றார்கள். காவல்காரர் மருதைதான் ஏதோ செய்கிறார் என்று நினைத்தேன்.

"ரெஜிஸ் தம்பி, ஞாயித்துக்கிழமை எம் பொண்ணு ஜெஸ்லின் குழந்தையோட ஆஸ்பத்திரியிலேருந்து வரா. அதுக்குள்ள சரி பண்ணிடுங்க," என்றார் டீச்சர். பதினோரு வருஷம் காத்திருந்து கிடைத்த பேரன்.

மேடு பாதை நடுவில் இருந்தது. இரண்டடி நீளம், ஓரடி அகலம். மண்வெட்டியால் இழுத்துச் சமன் செய்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தால், மறுபடி மேடு.

"என்ன மருதை, விளையாடுறீங்களா?"

"உங்ககூடத்தானே உக்காந்து டீ குடிச்சேன்."

நியாயம்தான். இன்னொரு தடவை சமன் செய்து அங்கேயே நின்றேன். உச்சி வெயில், காற்றே இல்லை. எங்கிருந்தோ ஈரச் சுண்ணாம்பு வாசம் வந்தது.

சரக்.

ஒரு கல் நகர்ந்தது.

சரக். சரக்.

ஓரத்துக் கற்கள் ஒவ்வொன்றாக நடுவுக்கு வந்தன. ஒன்றை எடுத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது.

கல்லறைத் திருநாளுக்கு முன்னால் கல்லறைத் தோட்டத்தில் வேலை பார்த்தேன். மேடுகளுக்குச் சுண்ணாம்படித்துப் புது ஜல்லி போடுவது எங்கள் வழக்கம். வாரிய பழைய ஜல்லியை வீணாக்க மனமில்லாமல், அலசி இங்கே பரப்பிவிட்டேன். அதில் பெயர் எழுதாத ஒரு சின்னக் குழந்தையின் கல்லறை மேட்டு ஜல்லியும் இருந்தது. ஊரையெல்லாம் சந்தேகப்படுகிற எனக்கு என்மேல் மட்டும் சந்தேகம் வரவில்லை.

"டீச்சர்கிட்ட சொல்லிடுங்க," என்று, நான் சொன்னதைக் கேட்ட மருதை கிசுகிசுத்தார். டீச்சரிடம் போகாமல் மண்வெட்டியை எடுத்தேன்.

சனிக்கிழமைக்குள் அத்தனையையும் சுரண்டி அள்ளிக் கல்லறைத் தோட்டத்திலேயே சேர்த்தேன். குவாரியிலிருந்து நேராகப் புது ஜல்லி இறக்கி ரோலர் ஓட்டினேன். மேடு எழவில்லை.

ஞாயிறு காலை கார் வாசல்வரை அலுங்காமல் வந்து நின்றது. அப்பாடா என்றிருந்தது. ஜெஸ்லின் பிள்ளையோடு இறங்கினாள்.

"பாதை நல்லா இருக்குண்ணே. இவன்தான் காலையிலேருந்து கையைத் திறக்கவே மாட்டேங்குறான்."

டீச்சர் சிரித்துக்கொண்டே அந்தப் பிஞ்சு விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினார்.

உள்ளே ஒரு சின்ன ஜல்லிக் கல். அதன் ஒரு பக்கத்தில் சுண்ணாம்பு இன்னும் ஈரமாக இருந்தது.