பச்சை வளை

ஜனவரி ஒன்று, காலை ஒன்பது ஏழு. ஓசூர் மின்கல ஆலையில் சங்கு ஊதியது. முதலாளியின் மணிக்கட்டில் வரி பிடிக்கும் வளை பச்சையாகிவிட்டது. கூலிவரியின் வருஷ உச்சவரம்பை, ஒன்பது மணிக்கு வேலை தொடங்கிய ஏழே நிமிடத்தில் தொட்டுவிட்டார். இனி டிசம்பர் வரை அவர் சம்பளத்தில் ஒரு பைசா பிடிக்க முடியாது. வழக்கம்போல் ஆளுக்கொரு லட்டு வந்தது.

தவமணியின் மணிக்கட்டில் வளை சிவப்பாகவே கிடந்தது. ஒவ்வொரு மின்கலத்தையும் தூக்கி வைக்கும்போது கூலி ஏறும். ஏறிய கணமே எட்டில் ஒரு பங்கை வளை பிடித்துக்கொள்ளும். அவள் கூலி எந்த வருஷமும் வரம்பை எட்டியதில்லை. வீட்டில் கணவனின் மூச்சுப்பெட்டிக்கு இரண்டு மாத வாடகை பாக்கி.

"அவரு வரி கட்டி முடிச்சதுக்கு நமக்கு லட்டா?" கையில் இருந்ததை நசுக்கினாள்.

"தின்னுடி. இதுக்காவது வரி இல்லை," என்றாள் பக்கத்து மேசை ஷமீமா.

அன்றே தவமணி மனு எழுதினாள். உழைப்புக்கு வரி வேண்டாம், வருமானத்துக்குப் போடுங்கள். நாலு லட்சம் பேர் கையெழுத்திட்டார்கள்.

அரசு இறங்கி வந்தது. அடுத்த ஜனவரி ஒன்றில் கூலிவரி ஒழிந்தது. கூலி தவிர, கைக்கு வந்து சேர்வதெல்லாம் வருமானம் என்றது புதுச் சட்டம். ஆலை முழுக்கப் பச்சை வளைகள். ஷமீமா தன் காசில் லட்டு வாங்கி வந்து தவமணியின் கையில் வைத்தாள்.

வளை சிவந்தது.

வளையின் திரையில் அவள் வருமானங்கள் வரிசையாக வந்தன: லட்டு ஒன்று. பக்கத்து வீட்டுக்காரர் வண்டியில் இறக்கிவிட்டது. இரவல் மூச்சுப்பெட்டி. பாக்கிக்காக வாடகைப் பெட்டியைத் தூக்கிப்போன பிறகு, இறந்த தன் அம்மாவின் பெட்டியை ஷமீமா தந்திருந்தாள். அதற்குப் போட்ட வரி, பழைய கூலிவரியைப்போல் இரண்டு மடங்கு.

முதலாளி அந்தப் பக்கம் வந்தார். திரையைக் குனிந்து பார்த்தார்.

"பெட்டியத் திருப்பிக் குடுத்துட்டா வரி நின்னுடும்மா. நீங்க கேட்டு வாங்குன சட்டம்தானே?"

"எங்க வீட்டுக்காரரு மூச்சும் நின்னுடும் சார். உங்களுக்கு எவ்வளவு வரி?"

"எனக்கென்ன வருது? இப்ப சம்பளமே எடுக்கறதில்லை. பங்கு வளருது, விக்கறதில்லை. அதுமேல கடன் வாங்கிச் சாப்பிடறேன். கடன் வருமானம் ஆகாதே."

தவமணி அவர் கையைப் பிடித்தாள். உள்ளங்கையில் லட்டை வைத்து, விரல்களை மடக்கி அழுத்தினாள். அவர் வளையையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆலை மொத்தமும் பார்த்தது.

"இப்ப உங்க கைக்கும் வந்திருச்சு. வளை ஏன் சார் இன்னும் பச்சையாவே இருக்கு?"