தோல் பரிசல்

18.8.1996, ஞாயிறு.
இன்று ஒரு சிறிய தவறு செய்தேன். ஆற்றங்கரையில், குறிப்பேட்டில் இல்லாத ஒன்றைச் சொல்லிவிட்டேன். யாருக்கும் நட்டமில்லை என்று நினைக்கிறேன். இனிமேல் சொல்லக் கூடாது.

கடைசி வரியின் அடியில் மதிவதனி அன்றைக்கே அடிக்கோல் வைத்துக் கோடு போட்டிருந்தாள். அப்புறம் வந்த மூன்று ஞாயிறும் அதையே சொன்னாள்.

பகலில் பீளமேட்டில் ஒரு பம்புசெட் கம்பெனியில் பில் டைப் அடிக்கிற வேலை. மாலையில் சுற்றுலா வழிகாட்டிப் பயிற்சி வகுப்பு. வகுப்பில் அவளைப் போலக் குறிப்பெடுக்கிறவர்கள் யாருமில்லை. ஒவ்வொரு தகவலுக்கும் எதிரில் புத்தகத்தின் பக்க எண் இருக்கும். அப்படியும் சந்தேகம் தீராமல் இன்னொரு புத்தகத்தைப் புரட்டிச் சரிபார்ப்பாள். ஆறு பயணம் வழிகாட்டியாகப் போய்வந்தால் சான்றிதழ் கிடைக்கும். டிராவல்ஸ்காரர்கள் அந்தப் பயணத்துக்குப் 'போரும் ஆறும்' என்று பெயர் வைத்திருந்தார்கள். காந்திபுரத்தில் வேன் ஏறி, சத்தியமங்கலம் தாண்டிக் கல்லாந்துறைக்குப் போகவேண்டும். காலையில் 1790இல் ஆங்கிலக் கும்பெனிப் படையும் மைசூர்ப் படையும் மோதிக்கொண்ட காடுமேடுகள். மத்தியானம் பவானி மீனும் சோறும். சாயங்காலம் பரிசல்.

முதல் பயணத்தில் பாதிப் பேர் வெயிலில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள். பீரங்கி வண்டி மாடுகள் செத்து விழுந்ததால் கும்பெனிப் படை பீரங்கிகளை விட்டுவிட்டுப் போனது என்று பக்க எண்ணோடு சொன்னபோதும் யாரும் நிமிரவில்லை. துறைக்கு வந்ததும் ஒருவர் மட்டும் கேட்டார்: "தண்ணி இத்தனை போகுதுங்களே, ராத்திரியில எப்படிங்க தாண்டுனாங்க? வழி காட்டுனது யாரு?"

எந்தப் பக்கத்திலும் அதற்குப் பதில் இல்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம்.

"இந்தத் துறைப் பரிசல்காரன் ஒருத்தன்" என்றாள் மதிவதனி. "ஒரு மூட்டை உப்புக்காகக் கும்பெனி ஒற்றர்களை ராத்திரியில் கரை சேர்த்தான். மைசூர்க்காரர்கள் அவனைப் பிடித்து, மணலில் படுக்க வைத்து, அவன் பரிசலையே அவன் மேல் கவிழ்த்து, சுற்றிலும் ஆற்றுக்கல் அடுக்கிவிட்டார்கள்."

கொட்டாவிகள் நின்றன. அவள் பேசி அப்படி ஒரு மௌனம் அதுவரை வந்ததில்லை.

அந்த மௌனத்துக்காகத்தான் அடுத்த ஞாயிறு, மூன்று நாள் உள்ளிருந்து தட்டும் சத்தம் கேட்டது என்று சேர்த்தாள். அதற்கடுத்த வாரம், தாகத்தோடு கிடந்தவனுக்குப் பத்தடி தூரத்தில் ஆறு ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது என்றாள். ஒவ்வொன்றையும் தேதி போட்டுத் தவறு என்று எழுதிவைத்தாள். எழுதிவிட்டால் பாதி திருத்திவிட்டது போலிருந்தது.

செப்டம்பர் பதினைந்தாம் தேதி, ஐந்தாவது பயணத்தின் காலையில், வேன் அன்னூர் தாண்டும்போது குறிப்பேட்டில் ஒரு வரி எழுதினாள்: 'மணலைப் பறித்துப் பறித்து அவன் விரல்களில் நகமே இல்லாமல் போயிற்று.' உடனே அடித்தாள். கீழே எழுதினாள்: 'இன்று எல்லோரிடமும் இது கற்பனை என்று சொல்ல வேண்டும். முதலில் மாசாணத்திடம்.'

மாசாணம் கல்லாந்துறைப் பரிசல்காரர். துறையில் இருந்த ஐந்து பரிசல்காரர்களில் நான்கு பேர் பிழைப்புக்காக வேறு ஊர்களிலிருந்து வந்தவர்கள். மாசாணம் மட்டும்தான் தலைமுறை தலைமுறையாக அந்தத் துறைக்காரர். கதை பரவியதும் மற்ற நால்வரும், "நாங்க வந்தவங்க சாமி, பழைய ஆளு அவருதான்" என்று கையைக் காட்டிவிட்டார்கள். போன வாரம் அவர் பரிசலில் யாரும் ஏறவில்லை. அவர் மகளைப் பள்ளிக்கூடத்தில் 'உப்பு மூட்டை' என்று கூப்பிடுகிறார்களாம்.

"கண்ணு, அந்தப் பரிசல்காரன் கதையை எப்பச் சொல்லுவீங்க?" பின்சீட்டிலிருந்து பொங்கியண்ணன் கேட்டார். உடுமலையில் கொப்பரை வியாபாரம் செய்கிறவர். "அதுக்குன்னே வந்திருக்கறனுங்க. சண்டையெல்லாம் எங்க பங்காளிக ஊட்லயே பாத்துக்கறோம்."

வேன் முழுக்கச் சிரித்தது. மதிவதனியும் சிரித்தாள். குறிப்பேட்டை மூடிப் பையில் வைத்தாள்.

துறையில் மாசாணத்தின் மனைவி காளியாத்தாள் மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். எண்ணெய்ப் புகையும் தார் வாடையும் கலந்து வந்தன. அந்தக் காலத்தில் எருமைத்தோல் போர்த்துவார்கள்; இந்தக் காலத்துப் பரிசல் எல்லாம் மூங்கில் பின்னலில் உரச்சாக்குப் போர்த்தித் தார் பூசியதுதான். மாசாணம் தன் பரிசலின் ஒரு விரிசலுக்குத் தார் வைத்துக்கொண்டிருந்தார், நிமிராமல்.

"ஏனுங்க அம்மணி," என்றாள் காளியாத்தாள், கரண்டியை நிறுத்தி. "ஒண்ணு கேக்கோணுங்க. அந்தக் கதை பொஸ்தகத்துல இருக்குதுங்களா?"

இதோ, அந்த நேரம். மதிவதனி வாயைத் திறந்தாள். தட்டேந்தி நின்ற பதினான்கு பேரும் அவளையே பார்த்தார்கள்.

"இருக்குதுங்கக்கா."

காளியாத்தாள் மீனைத் திருப்பிப் போட்டாள். "அப்ப நெசந்தானுங்க. பொய்யாத்தான் இருக்கும்னு சொல்லி நாந்தேன் இவருகிட்ட தெனமும் சண்டை கட்டிட்டிருந்தேன். மனுசன் நாலு நாளாத் தூங்கறதில்லீங்க."

மாசாணம் எழுந்தார். கையிலிருந்த தாரை வேட்டியிலேயே துடைத்தார். "அந்தக் கல்லைக் கடைசீல யாருங்க எடுத்துவுட்டது?"

அதை அவள் யோசித்ததேயில்லை. அவன் பெண்டாட்டி எடுத்தாள் என்று சொல்லியிருக்கலாம். ஊரார் மனமிரங்கி எடுத்தார்கள் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த மௌனம் மறுபடியும் வந்துவிட்டது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"யாரும் எடுக்கலைங்க" என்றாள்.

மாசாணம் மெல்லத் தலையாட்டினார். "எங்காளுன்னா, நாந்தானுங்க எடுக்கோணும்."

"இருநூறு வருசமாச்சுங்க மாசாணம்!" பொங்கியண்ணன் தட்டைத் தூக்கிக் காட்டினார். "அவனை மீன் தின்னு, அந்த மீனைத்தான் நாம இப்பத் தின்னுட்டிருக்கறோம்."

சிரிப்பலை அடங்கியபோது காளியாத்தாள் அடுப்பைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தாள். மதிவதனியின் தட்டில் மீன் ஆறிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் மாசாணத்தின் பரிசலில் அவளாகவே போய் ஏறினாள். "நட்டாத்துல காட்டிக்குடுத்துப்போடாதீங்க" என்று சொல்லிக்கொண்டு பொங்கியண்ணனும் ஏறினார். கரையிலிருந்த மஞ்சள் காட்டின் ஈரவாசனை காற்றில் வந்தது. நடுவாற்றுப் பாறையில் மூன்று நீர்நாய்கள் ஈர ரோமம் மினுங்க ஒன்றன்மேல் ஒன்று கிடந்து முனகின. நீர்க்காகம் ஒன்று இறக்கை விரித்து உலர்த்திக்கொண்டிருந்தது. துடுப்பு தண்ணீருக்குள் போவதும் வருவதும் யாரோ பக்கத்தில் நிதானமாக மூச்சு விடுவது போலக் கேட்டது. சொல்லிவிடலாம், இங்கே இரண்டு பேர்தான் இருக்கிறார்கள் என்று நினைத்தாள். இந்த வளைவு தாண்டியதும் சொல்லலாம். அந்தப் பாறை தாண்டியதும்.

டொக்.

பரிசலின் அடியில். அவள் காலுக்கு நேர் கீழே.

டொக், டொக். கொஞ்சம் இடைவெளி. டொக்.

"கல்லுல இடிக்குதாட்ட இருக்குதுங்க" என்றார் பொங்கியண்ணன்.

"இங்க ஒண்ணரை ஆள் ஆழமுங்க" என்றார் மாசாணம். துடுப்பைத் தூக்கிவிட்டார். பிடிப்பு இல்லாத பரிசல் மெல்லச் சுற்றத் தொடங்கியது. கரை சுற்றியது, மஞ்சள் காடு சுற்றியது, பாறை சுற்றியது. பாறையில் நீர்நாய்கள் இல்லை. நீர்க்காகமும் இல்லை. தண்ணீரின் சத்தம்கூட எங்கோ தள்ளிப் போயிருந்தது.

தட்டல் மட்டும் இருந்தது. சாக்கின் மேல் விழும் சத்தம் இல்லை அது. இழுத்துக் கட்டிய தோலில் விரல் முட்டி படுகிற சத்தம்.

"கேக்குதுங்களா?" மாசாணம் அவளை நேராகப் பார்த்தார். கண்கள் சிவந்திருந்தன. "எடுக்கச் சொல்றானுங்க."

அவள் சொல்லவில்லை. அப்போதும் சொல்லவில்லை.

கரையேறியதும் எல்லோரும் ரோட்டோரக் கடைக்கு டீ குடிக்கப் போனார்கள். மற்ற நான்கு பரிசல்காரர்களும் போனார்கள்; மாசாணம் மட்டும் துறையிலேயே நின்றுவிட்டார். வேன் கிளம்ப இன்னும் கால் மணி நேரம். மதிவதனி கடை வாசல்வரை போய்விட்டுத் திரும்பி மணலில் இறங்கினாள். மாசாணத்திடம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டாள். முதலில் மன்னிப்பு. பிறகு உண்மை. பிறகு காளியாத்தாளிடமும்.

வெயில் ஆற்றின் மேல் சாய்ந்து கிடந்தது. மணலில் பரிசல்கள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. பழக்கத்தில் எண்ணினாள். ஐந்து.

ஐந்தாவது பரிசலைச் சுற்றிக் கற்கள் இருந்தன.

ஆற்றுக்கற்கள். உருண்டையானவை. பதினொன்று. விளிம்பை ஒட்டி நெருக்கமாக, ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தன. வெயிலிலும் அவை உலராமல் ஈரம் சொட்டின.

மாசாணம். தூங்காத மனிதர். கல்லை யாரும் எடுக்கவில்லை என்று கேட்டதும் தலையாட்டிய மனிதர். உள்ளே போய்ப் படுத்துக்கொண்டு யாரையோ வைத்து மேலே கல் அடுக்கச் சொல்லிவிட்டாரா?

"அண்ணா" என்றாள்.

டொக்.

"அண்ணா, வெளியில வாங்க. பொய்ங்கண்ணா. எந்தப் பொஸ்தகத்துலயும் இல்லீங்க. அப்படி ஒருத்தன் இருக்கவே இல்லீங்க. நானா இட்டுக்கட்டினதுங்க."

உள்ளே சத்தம் நின்றது. யாரோ காதைக் கூர்மையாக்கிக் கேட்பது போல.

மண்டியிட்டாள். ஒரு கல்லை எடுத்தாள். குளிர்ந்திருந்தது. இரண்டாவதை எடுத்தாள். குனிந்தபோதுதான் மூக்கில் ஏறியது. தார் வாடை இல்லை. பச்சைத் தோலின் வாடை. ரோமம் சரியாக மழிக்காத எருமைத்தோல், மூங்கிலோடு தைத்தது. வாரால் தைத்தது.

நிமிர்ந்தாள். ஆற்றின் நடுவில், வெயிலுக்கு எதிரே, மாசாணம் தன் பரிசலில் தனியாகத் துடுப்புப் போட்டுக் கரைக்கு வந்துகொண்டிருந்தார்.

ஐந்து இங்கே. ஒன்று அங்கே.

கல் எடுத்த இடத்தில் மணல் அசைந்தது. விளிம்புக்கு அடியிலிருந்து விரல்கள் வந்தன. நான்கு. மணல் நிறத்தில். நகம் இருக்க வேண்டிய இடத்தில் நகம் இல்லை. யாரிடமும் சொல்லவில்லையே. அடித்துவிட்டேனே. விரல்கள் மணலைத் தடவின. அவள் சுடிதாரின் ஓரத்தைக் கண்டுபிடித்தன. இழுக்கவில்லை. பிடித்துக்கொண்டன, அவ்வளவுதான்.

"ஏனுங்க" என்றது குரல். வறண்ட குரல். மரியாதையான குரல். "உப்பு நான் வாங்கலீங்களே."



"நான் என்னங்க பண்ணினேன்?"

ரோட்டில் வேன் ஹாரன் அடித்தது. "கண்ணு! வண்டி கெளம்புதுங்க, வாங்க!" என்று பொங்கியண்ணன் கூப்பிட்டார்.

மதிவதனி அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். அவை முரண்டு பிடிக்கவில்லை. உள்ளே தள்ளினாள். முதல் கல்லை எடுத்த இடத்தில் வைத்தாள். இரண்டாவதை வைத்தாள். சரியாகப் பொருந்துகிறதா என்று அழுத்திப் பார்த்தாள். எழுந்து நடந்தாள்.

வேனில் யாரும் எதுவும் கேட்கவில்லை. பொங்கியண்ணன் அவளுக்கு ஒரு பொட்டலம் பொரிகடலை கொடுத்தார். வண்டி பாலத்தில் ஏறியபோதுதான் பின் கண்ணாடி வழியாகத் துறையைப் பார்த்தாள்.

மாசாணம் கரையேறியிருந்தார். அந்தப் பரிசலின் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கற்களை எடுத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றாக, குழந்தையின் மேலிருந்து போர்வையை விலக்குவது போல. "நிறுத்துங்க" என்றாள் அவள். குரல் எழும்பவில்லை. "வண்டியை நிறுத்துங்க." டேப்பில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

பாலத்தின் கைப்பிடிக் கம்பிகள் ஒவ்வொன்றாகக் கடந்தன. கம்பிகளுக்கு நடுவே மாசாணம் தெரிந்தார். பரிசல்காரர்கள் வேலை முடிந்தால் செய்கிற மாதிரியே, தன் பரிசலைக் கவிழ்த்து முதுகில் ஏற்றிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார். முழங்காலுக்குக் கீழேதான் ஆள் தெரிந்தது. தார்க் கறுப்பான வட்டத்துக்குக் கீழே இரண்டு கால்கள்.

அவருக்குப் பின்னால், நான்கடி தள்ளி, இன்னொரு பரிசல் எழுந்தது. பழுப்பு நிறம். அதற்கும் கீழே இரண்டு கால்கள், நெடுங்காலம் மடங்கிக் கிடந்து நடை மறந்த கால்கள். ஒரு எட்டு வைத்தது. நின்றது. இன்னொரு எட்டு. முன்னால் போகிறவர் திரும்பிப் பார்க்காமல், அது வந்து சேரட்டும் என்பது போல நடையைத் தளர்த்தினார். இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாகக் கரைமேட்டில் ஏறின. மேட்டுக்கு அந்தப்பக்கம் காளியாத்தாள் விளக்குப் போட்டு வைத்திருந்த வீடு. அதன் வாசலில் ஒரு சின்னப் பெண் எழுந்து நின்று, யார் வருவது என்று கண்ணுக்கு மேல் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேன் திரும்பியது. பாலம் மறைந்தது.

மதிவதனி குறிப்பேட்டைத் திறந்தாள். வண்டி குலுக்கியதில் எழுத்து கோணியது. ஆனாலும் எழுதினாள்.

நாளை, திங்கள்: அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்ல வேண்டும். முதல் பஸ்ஸில் சத்தி. மாசாணம் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்ல வேண்டும். இருவரிடமும்.